தூக்க ஊசி

டெலிபோன் அலறியது.

தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டம் அது. மருந்துச்சாலையில் தனியாக இருந்த மருத்துவமாது கனகாம்பிகை ரிசீவரை எடுத்தாள்.

கரகரத்த ஆண் குரல். சிங்களத்தில்.

"கேகாலைச் சுகாதாரக் கந்தோரிலிருந்து பேசுகிறேன். வாந்திபேதித் தடுப்பூசி என்று ஒருவன் ஜீப்பில் வருவான். போலி டாக்டர். பக்கத்துத் தோட்டத்தில் அவன் குத்தின ஊசியில் இரண்டு பிள்ளைகள் செத்துவிட்டன. பொலிஸ் வரும்வரை விடாதே."

டக். குரல் அறுந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது...

இறங்கியவன் இளைஞன். கையில் ஒரு பெட்டி.

"டாக்டர் மஷூர். அரசாங்கத் தடுப்பூசிக்கு வந்திருக்கேன். முதல்ல உங்க மருந்து அறையைக் காட்டுங்க, மிஸ்."

ஊசி போட வந்தவனுக்கு மருந்து அறை எதற்கு?

"இந்த அறைக்குள்ள இருங்கோ டொக்டர். மருந்து அறைத் திறப்பை எடுத்துக்கொண்டு வாறன்."

அவன் உள்ளே போனான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

மூச்சு விடுவதற்குள் முற்றத்தில் கூச்சல். றப்பர்ப் பால் வெட்டும் கத்திகளோடு தொழிலாளர்கள் இருபது பேர். முன்னால் ஜெயம்மா.

"பிள்ளைங்களக் கொன்ன பாவி எங்க மிஸ்ஸி?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஃபெக்டரி பூரா இதே பேச்சுங்க. கதவத் தொறங்க."

கனகாம்பிகை ரிசீவரை மறுபடி எடுத்தாள். அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையே...

தோட்டத்துக் கந்தோரைக் கூப்பிட்டாள். டெலிபோன் பார்க்கும் கிளாக்கர் சிவம் பேசினான்.

"தம்பி, கேகாலைக்கு லைன் தாரும். பொலிஸ் எப்ப வருகுது எண்டு கேக்கவேணும்."

"லைனோ? திங்கக்கிழமை மழையோட வெளி லைன் செத்துப்போச்சு அக்கா. தோட்டத்துக்குள்ள மட்டும்தான் கதைக்கலாம்."

"அப்ப... இப்ப எனக்கு வந்த கோல்?"

"அது ஃபெக்டரியில இருந்து வந்தது."

ரிசீவர் கையில் கனத்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். டிஸ்பென்சர் சரவணமுத்து. பத்து வருடமாக அந்த மருந்துச்சாலை அவர் பொறுப்பில். கையில், மருந்து நிரப்பிய ஊசி.

"எங்கை அவன்? ஓடாமல் ஒரு தூக்க ஊசி போட்டு வைப்பம்."

"எங்கயிருந்து வாறியள் அண்ணை?"

"ஃபெக்டரியில ஒருத்தனுக்குக் கை வெட்டிப்போட்டுது. மருந்து கட்டிப்போட்டு வாறன்."

ஃபெக்டரி! அவள் கையை நீட்டினாள்.

"ஊசியைத் தாங்கோ. நான் போடுறன்."

கொடுத்தார்.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. அவருடைய முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"சனம் ஊசி எண்டாலே பயந்துபோய் நிக்குது. முதல்ல உங்களுக்குக் கொஞ்சம் ஏத்திக் காட்டுறன். நித்திரைதானே வரும்?"

ஊசி முனை தோலைத் தொட்டது.

"விடு! என்னைக் கொல்லப் பாக்கிறியே?"



கூட்டத்தில் நின்ற இருளப்பன் கத்தியைத் தாழ்த்தினான்.

"தூக்க ஊசின்னுதானே சொன்னீங்க ஐயா?"

சரவணமுத்து ஓடினார். நாலு அடி. இருளப்பனின் கை அவர் சட்டைக் காலரைப் பற்றியது.

அவர் இடுப்பிலிருந்த திறப்பைப் பறித்து மருந்து அறையைத் திறந்தார்கள். பெனிசிலின் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒன்றைக் கவிழ்த்தாள் கனகாம்பிகை.

பொலபொலவென்று கொட்டியது... மருந்தல்ல, றப்பர் விதை.

ஜெயம்மா குனிந்து ஒரு விதையை எடுத்தாள். போன மாதம் காய்ச்சல் பிள்ளையோடு இங்கே வந்தவள். மருந்தில்லை என்று சரவணமுத்து திருப்பி அனுப்பவும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவிசாவளைக்கு ஓடினவள். விதையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

தாழ்ப்பாள் விலகியது. மஷூர் வியர்வையில் நனைந்து வெளியே வந்தான்.

"மன்னிக்கவேணும் டொக்டர். மருந்துக் களவு பிடிக்க வந்தனான் எண்டு முதலே சொல்லியிருந்தால்..."

"எந்தக் களவு?"

"பிறகு ஏன் மருந்து அறையைக் கேட்டனீங்கள்?"

"ஊசி மருந்து சூட்டில கெட்டுப்போகும், மிஸ். குளிரா ஒரு இடம் வேணுமேன்னு கேட்டேன். ஃபெக்டரியில வழி கேட்டப்ப இவர்தான் நின்னார். 'முதல் வேலையா மருந்து அறையைப் பார்க்கணும்'னு அவர்கிட்டயும் சொன்னேன். அவ்வளவுதான்."

சரவணமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஜெயம்மா ரவிக்கைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, ஊசிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"ஊசி போட்டாத்தான் காய்ச்சல் வரும்பாங்க டாக்டரு. நம்ம ஐயாவுக்கு ஜீப்பப் பாத்ததுமே வந்துருச்சுங்க."