கேள்வி கேட்காமல் அழி

கதவோரச் சிறு திரையில் ‘உள்ளே: 3’ என்றிருந்தது. சர்வர் அறையில் இருந்ததோ அவளும் மேனேஜரும் மட்டும்.

“சார், மூணு காட்டுது.”

“மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நீ வேலையைப் பாரு.”

ஞாயிறு நண்பகல். ஜன்னலில்லாத அந்த அறையில், ஏசியின் ஓயாத முனகலுக்கு நடுவே, சூடேறிய பிளாஸ்டிக் வாடையையும் மீறிக்கொண்டு, கதவின் உட்புறத்தில் அப்பியிருந்த புது பெயின்ட்டின் நெடி அவள் மூக்கில் ஏறியது. பெயின்ட் எதற்கென்று அவளுக்குத் தெரியும். அடியில் ஸ்குரூடிரைவர் கீறல்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு நாள் கீறியவை.

ஒன்பது நாளைக்கு முன், வெள்ளி மாலை, “அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கியாச்சு, முகத்தை எடுத்துடு” என்றார் மேனேஜர். உள்ளே போகவும் வெளியே வரவும் முகம் காட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். எடுத்தாள். அண்ணன் அப்போது இதே அறையில் ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். போனுக்கு சிக்னல் கிடையாது. அவசரப் பொத்தான் ஆறு மாதமாகப் பழுது. திங்கள் காலைதான் திறந்தார்கள். அதற்குள் அவர் மூச்சு அடங்கியிருந்தது.

அவர் உள்ளே மாட்டியிருந்ததற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, ‘விலகியவர்கள்’ ஃபோல்டரில், நுழைந்த நேரத்தோடு கிடந்த அவருடைய முக ஃபைல். நாளை விசாரணை.

“அதையும் அழிச்சிடு.”

“அந்த மனுஷன் எங்க இருக்கார்னு அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?”

“என்டர் தட்டினது உன் விரல்தானே? ஜெயிலுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோமா?”

பல்லைக் கடித்தபடி, கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தாள். வரிசையாக ஓடும் இரண்டே கட்டளைகளில் ஒரு பேட்ச் ஃபைல். டி டிரைவில் அந்த ஃபோல்டருக்குப் போ. அங்கிருப்பதைக் கேள்வி கேட்காமல் அழி. ஒவ்வொரு விசையையும் மேனேஜர் மூக்கில் விடும் குத்தாக நினைத்துக் குத்தினாள். என்டர்.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அண்ணனின் ஃபைல் அப்படியே இருந்தது.

தட்டிய வரிகளை மறுபடி படித்தாள். ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, முதல் வரியில் ஒரு சாய்கோடும் ‘டி’ எழுத்தும் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் அவளே படித்துப் படித்துச் சொன்னது. கோபத்தில் விட்டுப்போயிற்று. முதல் வரி நகரவே இல்லை. இரண்டாம் வரி, நின்ற இடத்தையே வழித்துத் துடைத்துவிட்டது.

நின்ற இடம், சி டிரைவின் ‘பணியாளர் முகங்கள்’.

“சார்… நம்ம எல்லார் முகமும் போச்சு.”

“அறிவிருக்கா உனக்கு?” மேனேஜர் கதவுக்கு ஓடினார். முகத்தை நீட்டினார். சிவப்பு விளக்கு. அவளும் நீட்டினாள். சிவப்பு.

சிறு திரையில் எண் மாறியது.

உள்ளே: 1.

“ஒண்ணா? நாம ரெண்டு பேர் இருக்கோமே!”

அவள் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். துடைத்த ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல். அண்ணன் முகம். உருவான நேரம், இந்த நிமிடம்.

ஏசி நின்றது.

“ஆன் பண்ணு!”

“நான் தொடவே இல்ல சார்.”

கர்ர்க்.

கதவுப் பக்கம்.

வெளியிலிருந்து அல்ல.

மேனேஜர் பின்வாங்கி அவள் மேல் மோதினார். கதவருகே யாருமில்லை. ஓர் ஆளின் கை உயரத்தில், புது பெயின்ட் மட்டும் சுருள் சுருளாக உரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு கோடு. இன்னொரு கோடு. நிதானமாக.

இரண்டு நாள் முழுசாகக் கையிலிருக்கிற ஆளைப் போல.