ஏழாம் நம்பர் ஷட்டரில் சாமி!

ஞாயிறு காலை பத்து மணி ஏழு நிமிடம்.

செல்போன் அலறியது.

மலைக்குப் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜான்பீட்டர் எடுத்தார். மறுமுனையில் டி.எஸ்.பி.!

"என்னய்யா... அம்மன் சிலை கிடைச்சுதா?"

"எல்லா வண்டியையும் செக்போஸ்ட்ல சோதிக்கறோம் சார். சிலை இன்னும் மலையை விட்டு இறங்கலை."

"சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலேன்னா நீங்க இறங்கிடுங்க. கட்டில், பீரோவை மலையில இருக்கற வாடகைக் கிடங்குல போட்டுட்டு டிரான்ஸ்ஃபர்ல கிளம்புங்க!"

போன் செத்தது.

வளப்பூர் நாட்டுக் கோயில். ஒன்றரை அடி ஐம்பொன் அம்மன். வியாழக்கிழமை முதல் காணோம்...

கான்ஸ்டபிள் சின்னராசு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா! பஸ்ஸுல ஒருத்தன் போன் பேசினானுங்க. 'சாமிய ஏழாம் நம்பர்ல வெச்சாச்சு, சந்தையிலயே தள்ளி உட்ருவோம்'ங்கறான்!"

"ஏழாம் நம்பர்னா?"

"வாடகைக் கிடங்குல ஏழாம் ஷட்டருங்க. இன்னைக்கு அங்கதான் சந்தை!"

ஜீப் பறந்தது!

பன்னிரண்டு ஷட்டர்கள். மாறுதலாகிப் போன வாத்தியார்களின் மேஜைகளும் மலைக்காரர்களின் மிளகு மூட்டைகளும் அங்கே வாடகைக்குத் தூங்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாம் விழித்துக்கொள்ளும். வேண்டாததை வாசலில் பரப்பி விற்பார்கள். ஆட்டுக்கல், தையல் மிஷின், யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ... பிரேமுக்கு மட்டும்தான் விலை.

"ஏழாம் நம்பரைத் திறங்க!"

கிடங்கை நடத்தும் அம்சவேணி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள்.

"தொறக்கறனுங்க சார். அதுக்கு ஏன் ஊரையே அலற உடறீங்க?"

ஷட்டர் ஏறியது.

உள்ளே... வாய் தைத்த பன்னிரண்டு மூட்டைகள்!

ஜான்பீட்டர் பாய்ந்து உள்ளே போனார். கத்தியை எடுத்தார். முதல் மூட்டையைக் கிழித்தார்.

சரசர...

பொடிப் பொடியாய்த் தானியம்.

இரண்டாவது... அதுவும் அதே!

"என்னம்மா இது?"

"சாமைங்க."

"அதேதான்! எங்கே அந்தச் சாமி?"

"சாமி இல்லீங்க சார்... சாமை! சோறாக்கித் திங்கற சாமை!"

சந்தையே சிரித்தது. பழைய மிக்சிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த பாப்பாத்தி பேரத்தை விட்டாள்.

"சார் ஊருல சாமைக்குத்தான் கோயில் கட்டிக் கும்புடறாங்களாட்டம் இருக்குது!"

ஜான்பீட்டர் சின்னராசுவைப் பார்த்தார். சின்னராசு தரையைப் பார்த்தார்.

"பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல திரும்புச்சுங்கய்யா... காதும் கொஞ்சம் திரும்பிருச்சாட்ட இருக்குது."

கத்தி மூன்றாவது மூட்டைக்குப் போனது.

"பிரிங்க சார்," என்றாள் அம்சவேணி. "பன்னெண்டையும் பிரிங்க. ஆனா சந்தை வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. பிரிச்ச மூட்டைய வாங்கியே ஆகோணும்."

"போலீசுக்குமா?"

"பிரிச்சது போலீசுதானுங்களே!"

மறுபடி சிரிப்பு. கத்தி மடங்கியது.

"ரெண்டையும் ஜீப்ல ஏத்துய்யா. நாமக்கல்ல எங்க வீட்டுல இறக்கிட்டு வா."

"கோவிச்சுக்காதீங்க சார். மொத மொதல்ல சந்தைக்கு வந்திருக்கறீங்க..." அம்சவேணி ஓரத்திலிருந்த மூட்டையைத் தட்டினாள். "இந்தாங்க, பிரிக்காத மூட்டை ஒண்ணு... கொசுறு! ஊட்டுல உப்புமா கிண்டச் சொல்லுங்க."

நான்கு பேர் ஏற்றினார்கள். சின்னராசு ஜீப்பைக் கிளப்பினார். கீழே எழுபது வளைவுகள் காத்திருந்தன.

மதியம்.

ஜான்பீட்டர் மற்ற ஷட்டர்களை எல்லாம் குடைந்து முடித்திருந்தார். உரல் கிடைத்தது. உலக்கை கிடைத்தது. அம்மன் கிடைக்கவில்லை.

செல்போன் அலறியது. சின்னராசு!

"ஐயா, அடிவாரம் வந்துட்டனுங்க. செக்போஸ்ட்ல நம்ம ஜீப்புன்னு சல்யூட் அடிச்சு உட்டுட்டாங்க!"

"சோதிக்கலையா?"

"போலீஸ் வண்டிய எவன் சோதிப்பானுங்க? இங்க அம்சவேணியக்கா தம்பி நின்னாருங்க. கொசுறு மூட்டை மாறி வந்துருச்சாம். எறக்கிக் குடுத்துட்டனுங்க."

ஜான்பீட்டர் சட்டென்று திரும்பினார்.

ஏழாம் நம்பர் பூட்டில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

அம்சவேணியைக் காணோம்!

போனில் சின்னராசு விடவில்லை.

"ஏனுங்கய்யா... எனக்கு ஒரு சந்தேகமுங்க. சாமைக்குக் கை, காலெல்லாம் இருக்குமுங்களா?"