சரக்கு லிப்டிலிருந்து வந்த மெயில்

சோதனைக்காக அவள் பிரிண்டரிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள்; வந்து சேர்ந்ததோ சரக்கு லிப்டிலிருந்து.

'உதவி பொத்தான் அழுத்தப்பட்டது. சுமை: 58 கிலோ.'

விடுமுறை நாளின் சாயங்காலம். மூன்றாவது மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பிரிண்டர், வருகைப்பதிவு மெஷின், யூபிஎஸ் என்று ஆபீஸ் கருவிகள் தரும் மெயில்களை வாங்கி உரியவர்களுக்குச் சேர்க்கும் ரிலே சர்வரை அமைக்கத்தான் வந்திருந்தாள். பழைய சர்வர் படுத்து ஒரு வருடம் ஆகிறது. அத்தனை நாளும் கருவிகள் கத்தியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சரக்கு லிப்டா? அதுக்குக் கரண்டையே எடுத்தாச்சேம்மா. எல்லா மாடியிலயும் பலகை அடிச்சு மூடிட்டோம். பழைய மெயில் ஏதாவது தேங்கிக் கிடந்திருக்கும். விட்டுத் தள்ளு."

ஆனால் மெயிலில் இருந்தது இப்போதைய நேரம்.

லிப்டின் முகவரியைத் தடை செய்தாள். அப்படியும் அடுத்த மெயில் வந்தது. அதே வரி, அதே சுமை. வயரைப் பிடுங்கிவிடலாம் என்று நெட்வொர்க் அலமாரியைத் திறந்தவள், டார்ச் வெளிச்சத்தில் லிப்டின் வயர் செருகும் துளையைத் தேடிக் கண்டுபிடித்தாள். சூடான பிளாஸ்டிக் வாடைக்கு அடியிலிருந்து, ஈர இரும்பின் நாற்றம் மெல்லக் கசிந்து வந்தது. துளையில் வயரே இல்லை. அதன் பக்கத்துப் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. அவளை அழைத்துப் போக வந்த கணவன்.

"இன்னுமா முடியல? எவ்வளவு நேரம்தான் கீழேயே நிக்கிறது. மேலே வந்துட்டிருக்கேன்."

"படியிலதானே வர்றீங்க?"

"யாரு மூணு மாடி ஏறுறது? பின்பக்கம் பெரிய லிப்ட் ஒண்ணு திறந்தே கிடந்துச்சு. ஏறிட்டேன்."

"ஏங்க, இறங்குங்க. முதல்ல வெளியே வாங்க."

லைன் அறுந்தது. திரையில் புது மெயில்.

'கதவு மூடப்பட்டது. சுமை: 131 கிலோ.'

ஓடினாள். வராந்தாக் கோடியில் பலகை அடித்த லிப்ட் கதவு. ஆணிகள் துருவேறி, அப்படியே இருந்தன. பலகைக்குப் பின்னால் கம்பி முனகியது. ஏதோ ஏறி வந்தது. நின்றது.

"ஏங்க!" இரண்டு கையாலும் தட்டினாள். "கேக்குதா?"

பலகையில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது.

உள்ளே அவன் குரல். பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

"ஒரே இருட்டு... யாரது?" பிறகு ஒரு நிம்மதிச் சிரிப்பு. "அட, நீயா. நீ எப்ப ஏறினே? கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

பலகையின் விளிம்பில் விரல்களை நுழைத்து இழுத்தாள். ஆணிகள் அசையவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குரல், அவளுடையதே, தணிவாகச் சொன்னது:

"ஒண்ணுமில்லைங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."