கைவழி

எட்டாம் நாள் காலையில் கோதண்டனின் இடது புஜத்தில் முளை நன்றாகப் பழுத்திருந்தது. சுண்டைக்காய் அளவு, மெல்லிய தோல், உள்ளே கலங்கலான நீர். செவிலி இருதயமேரி அதைச் சுற்றித் துடைத்துவிட்டு ஈர்ப்பியை வைத்தாள். டிபன் பாக்ஸ் போலிருந்த அந்தக் கருவி மெல்ல முனகியபடி முளையிலிருந்த நீரை உறிஞ்சிப் பன்னிரண்டு சிறு குப்பிகளில் பிரித்து வைத்தது.

சாம்பல் காய்ச்சல் வந்து அது பதினான்காவது மாதம். தொழிற்சாலையில் செய்த எந்த ஊசிக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. மசிந்தது முளையூசிக்கு மட்டும்தான். அதுவோ மனித உடம்பில் மட்டுமே வளரும். ஒருவர் புஜத்தில் போட்டால் எட்டாம் நாள் முளை கட்டும். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று நாளும், நாளுக்குப் பன்னிரண்டு பேருக்கு அதிலிருந்து எடுத்துப் போடலாம். எடுத்த நீர் ஒரு மணி நேரம்தான் உயிரோடிருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் அதற்கு முன்பே செத்துவிடும். ஆகவே ஊசி ஊருக்குள் கைமாறிக் கைமாறித்தான் போயாக வேண்டும். இடையில் ஏதாவது கெட்டுப்போனால் தேடிப் பிடிக்க, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சீட்டு அச்சாகும். அதன் பெயர் கைவழிச் சீட்டு. அந்தச் சீட்டை யோசித்த விஞ்ஞானி இந்த ஊரில் ஒரு வாரம்கூட வாழ்ந்திருக்க மாட்டார் என்பது இருதயமேரியின் அபிப்பிராயம்.

முதல் சுற்று ஊசியை மருத்துவமனை, சுடுகாடு, சாக்கடை ஆகிய மூன்று இடங்களில் வேலை செய்தவர்களுக்குப் போட்டார்கள். கோதண்டன் மூன்றாவது வகை. நீலவானம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் பதினேழு வருடமாக இறங்கி ஏறுகிறவன். யாரும் இறங்கக் கூடாது என்று சட்டப்படி எழுதிய பலகை அந்தத் தொட்டியின் மேலேயே தொங்கியது. அவன் கையிலிருந்து மூன்று நாளும் நீலவானத்தில் நாளுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஊசி போடும்படி அலுவலகத்தில் உத்தரவு கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் நீலவானத்தின் விழா அரங்கில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு மாதமாகத் தொலைபேசியில் இருதயமேரியை நச்சரித்து, எம்.எல்.ஏ. வரை சொல்லிவைத்துப் பட்டியலில் முந்திக்கொண்டவர்கள். சீட்டு அச்சாகி வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவப்பிரகாசம் அதை வாங்கிப் படித்தார். பிறகு அரங்கின் மூலையில் சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த கோதண்டனைப் பார்த்தார். சீட்டு வரிசையில் கை மாறிப் போனது.

அதன் பிறகு வந்த கேள்விகளை இருதயமேரி வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. ஒருவர் ரத்த வகை பொருந்துமா என்றார். பொருந்த வேண்டியதே இல்லை என்றாள். ஒரு பெண்மணி, தாங்கள் சைவம், கொடுப்பவரின் சாப்பாடு முளையில் இறங்குமா என்று கேட்டாள். இன்னொருவருக்குத் திடீரென்று ஒவ்வாமை வந்தது. படித்தவர்கள், எதைச் சொல்லக் கூடாதோ அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. சிவப்பிரகாசம் மட்டும் அவளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராவது கை இருக்கா? ஒரு டாக்டர் கை, அந்த மாதிரி?"

இல்லை என்றாள். அதோடு நிறுத்தாமல் மன்னிப்பும் கேட்டாள். பழக்கதோஷம். பிற்பாடு அவளுக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

ஒரு மணி நேரத்தில் மூன்று குப்பிகள் செலவாயின. ஒன்று வாட்ச்மேனுக்கு, ஒன்று நான்காம் மாடிச் சமையற்காரிக்கு, ஒன்று தன் சாப்பாட்டைப் பற்றியோ அடுத்தவர் சாப்பாட்டைப் பற்றியோ கவலைப்படாத ஒரு கணக்கு டீச்சருக்கு. மீதி ஒன்பதையும் விதிப்படி பிளீச்சிங் வாளியில் ஊற்றினாள். ஒன்பது உயிர். கோதண்டன் சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்திருந்தான்.

"நாளிக்கு எங்க ஹவுசிங் போர்டுக்கு வாங்க சிஸ்டர்," என்றான். "அஞ்சு நிமிசத்துல காலியாயிடும்."

உத்தரவைத் தூக்கி வைத்துவிட்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் அங்கேதான் போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நீலவானத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மலை பங்களாவில் கதவடைத்திருந்த ஒரு தொழிலதிபரின் மகன் எப்படியோ முதல் சுற்றிலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து ஊசி வாங்கிய ஒருவரை அழைத்து வந்து ஒரு வழி தொடங்கினார்கள். அதை 'மேல்வழி' என்றார்கள். தனியார் செவிலி வந்தாள். கேசரியும் காபியும் கொடுத்தார்கள். மேல்வழி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வீடு வீடாகச் சுற்றியது. சீட்டைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். கல்யாண விளம்பரங்களில் உயரம், நிறம், சம்பளத்துக்குப் பிறகு 'மேல்வழி' என்று சேர்த்துக்கொண்டார்கள். இருதயமேரி அதையெல்லாம் செய்தித்தாளில் படித்துவிட்டுத் தாளை மடித்து, சோற்றுப் பானைக்கு அடியில் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முளை, தான் வளரும் உடம்பிடம் பாடம் கற்கிறதாம். ஆயிரம் கிருமியோடு மல்லுக்கட்டிப் பழகிய உடம்பில் அது வலுவேறுகிறது. குளிரூட்டிய அறையில், வடிகட்டிய காற்றில் வளர்ந்த உடம்பில் அதற்குக் கற்க ஒன்றும் இல்லை. அடுத்தடுத்து அப்படிப்பட்ட நான்கு கை மாறினால் வெறும் தண்ணீர்.

மேல்வழி அதற்குள் ஏழு கை மாறியிருந்தது. ஒரே வாரத்தில் நீலவானத்தில் முப்பத்தொரு பேர் படுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சிவப்பிரகாசத்தின் தம்பி.

மீதிப் பேர் ஹவுசிங் போர்டு வாசலில் வந்து நின்றார்கள். மூத்திர நாற்றத்துக்கு முகத்தைச் சுளிக்காமல் நிற்க அவர்கள் பட்ட பாட்டை இருதயமேரி ரசித்துப் பார்த்தாள். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மீன் விற்கிறவள், குப்பை வண்டிக்காரன், பிணவறை உதவியாளர் என்று கோதண்டன் வழியில் வந்த கைகளிலிருந்து அவர்களுக்கு எடுத்துப் போட்டாள். யாரும் ரத்த வகையைக் கேட்கவில்லை. சிலர், தங்களுக்குப் போடுவது அசல் கோதண்டன் வழிதானா என்று சீட்டை இரண்டு முறை சரிபார்த்தார்கள். பிழைத்தார்கள். வாசலில் சட்டம் போட்ட சீட்டை மாற்றினார்கள். கல்யாண விளம்பரங்களில் 'தொட்டிவழி' வந்தது.

முளையூசியின் வலு பத்து மாதம். அடுத்த சுற்றுக்கான நாள் நெருங்கும்போது மாநகராட்சியிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. குழிவாரி என்ற இயந்திரம் தயாராகிவிட்டது. நண்டு போல எட்டுக் கால். தொட்டிக்குள் அதுவே இறங்கி, வாரி, கழுவி, ஏறி வரும். மேலே நிழலில் உட்கார்ந்து இயக்க ஓர் ஆள் போதும். கோதண்டன் அதற்குப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டான். தன் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகப்போவதாக அவளிடம் சொன்னான்.

மறுநாள் சிவப்பிரகாசம் இருதயமேரி வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு ஒரு தாளோடு வந்தார். சங்கத்தின் தீர்மானம். குழிவாரி வேண்டாம் என்று ஒருமனதாக நிறைவேற்றியிருந்தார்கள். பொதுநலன் கருதி, தொட்டிப் பணி மனிதர்களைக் கொண்டே தொடர வேண்டும். அவர்களின் உடல்வலு நாட்டின் சொத்து. கீழே வீட்டுக்கு ஒரு கையெழுத்து; அதற்கும் கீழே மருத்துவத் துறை சார்பாக அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இருதயமேரி இரண்டு முறை படித்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"அவங்க இறங்கலைன்னா நாம எல்லாம் செத்துப்போயிடுவோம் சிஸ்டர்," என்றார் அவர். சொல்லும்போது கண் கலங்கியது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தாளைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைக் காட்டினாள். இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை.

செய்தியைக் கோதண்டனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் தன் வழியில் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான். ஹவுசிங் போர்டு மைதானத்தில் சாயங்காலம் கூட்டம் போட்டுக் கூடிப் பேசினார்கள். கை கொடுப்பது அவரவர் விருப்பம் என்பது சட்டம். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கு மட்டும் ஒரு கையும் கிடையாது என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போடாதது, சங்கக் கூட்டத்துக்கே போகாத கணக்கு டீச்சர் வீடு ஒன்றுதான்.

"சாவட்டும்னு சொல்லல சிஸ்டர்," என்றான் கோதண்டன். "வலுவு வோணும்னா அவங்களும் சம்பாதிச்சிக்கட்டும். தொட்டி அவங்களுதுதான?"

இதை அப்படியே சொல்லி அனுப்பினாள். அவர்கள் முதலில் கலெக்டரிடம் போனார்கள். பிறகு நீதிமன்றம் போனார்கள். சட்டம் தெளிவாக இருந்தது. மூன்றாம் வாரம் சிவப்பிரகாசம் தொலைபேசியில் அழைத்தார். குரல் இளைத்திருந்தது.

"எத்தனை நாள் இறங்கினா வலு வரும் சிஸ்டர்?"

"எனக்குத் தெரியாது சார். கோதண்டன் பதினேழு வருஷம் இறங்கினார்."

திங்கட்கிழமை காலை நீலவானத்தின் பின்பக்கம் தொட்டியின் மூடி திறந்திருந்தது. சங்கத்தின் செயற்குழு ஒன்பது பேரும் புது ரப்பர் பூட்ஸும் புதுக் கையுறையும் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றி நின்றார்கள். மாநகராட்சி கொண்டுவந்து இறக்கிய குழிவாரி தார்ப்பாய்க்குள் பக்கத்தில் கிடந்தது. கோதண்டன் வெள்ளைச் சட்டையோடு பத்தடி தள்ளி நின்றான்.

"உடனே இறங்காதீங்க சார், வாயு இருக்கும்," என்றான். "ரெண்டு மணி நேரம் தொறந்தே கெடக்கட்டும். இடுப்புல கயிறு கட்டிக்குங்க. மேல ரெண்டு பேரு புடிச்சிக்கணும்." பதினேழு வருடத்தில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் அவனிடம் சொன்னதில்லை.

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். மூன்றாவது மணி நேரமும் ஆயிற்று. இறங்குவது என்பதில் ஒன்பது பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் ஓரடி பின்வாங்கி, மிகுந்த மரியாதையோடு கையை நீட்டி வழிவிட்டார்.

"நீங்க முதல்ல போங்க சார்."