ஒவ்வொரு பட்டனிலும் ஒரு பொட்டு

அங்காளம்மா குரோம்பேட்டை ரேடியோ கடைக்குள் ஓடி வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“பூவராகன் அண்ணா! எங்க வூட்டுக்காரர டைம் ஆபீசுல வெச்சுப் பூட்டிக்கினு கீறாங்க. அஞ்சு மணிக்குள்ள தப்ப ஒத்துக்கினு கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா போலீசாம்!”

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து வார்ப்புத் தொழிற்சாலையில் அவள் கணவன் துலுக்காணம் கிரேன் ஓட்டுகிறான். காலைத் தேநீர் வேளையில் கிரேன் தானாக இறங்கி, அதில் தொங்கிய இரும்பு அச்சு சக தொழிலாளி தசரதனின் காலை நசுக்கிவிட்டது. அச்சைத் தொங்கவிட்டுப் போனது தப்புதான் என்கிறான் துலுக்காணம். ஆனால் கிரேனை இயக்கும் ரிமோட்டை அணைத்து, அதன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனானாம்.

அந்தத் தொழிற்சாலையின் வயர்லெஸ் கருவிகளையும் பழுதுபார்க்கும் கடைக்காரர் பூவராகன், பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்தார். அவரிடம் பகலில் வேலை பார்த்து, மாலையில் பாலிடெக்னிக் படிக்கும் ஹில்டா நோட்டை எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் மேனேஜரை முந்திக்கொண்டு பேசினார் சூப்பர்வைசர் லோகநாதன்.

“புது ரிமோட் சார். செகண்டுக்குப் பல தடவை அலைவரிசை மாத்தித் தாவிக்கிட்டே இருக்கும். வெளி சிக்னல் உள்ளே நுழையவே முடியாது. அப்போ இவன்தானே அழுத்தியிருக்கணும்?”

“ஸ்பேர் ரிமோட்?” என்று கேட்டார் பூவராகன்.

“ஸ்டோர்ல பூட்டிக் கிடக்கு. நேத்து ராத்திரியிலிருந்து சாவி என் இடுப்புலதான். வேற சாவி கிடையாது.”

எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டதாக ஹில்டாவுக்குத் தோன்றியது. தாவும் ரிமோட்டுக்குள் வெளி சிக்னல் நுழையாது என்றுதான் அவளும் வகுப்பில் படித்திருந்தாள். வருகை பதியும் டைம் ஆபீஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த துலுக்காணத்தின் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மணி நாலரை.

ஸ்டோரைத் திறந்தார்கள். நேற்று ஆயுத பூஜை. தராசு, ஸ்பேனர், ஃபேன் சுவிட்ச் என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும்.

“ஸ்பேர் ரிமோட்டுக்கும் பட்டனுக்குப் பட்டன் பொட்டு வெச்சேன்” என்றார் ஸ்டோர்கீப்பர் அரிகிருஷ்ணன் பெருமையாக. “பேஜார் புடிச்ச வேலை. முடிச்சுப் பூட்டி, சாவிய சூப்பர்வைசர் கையில குடுத்துட்டுத்தான் வூட்டுக்குப் போனேன்.”

ஹில்டா ரிமோட்டைப் பார்த்தாள், நோட்டில் ஏதோ எழுதினாள், உடனே அதைக் கோடிட்டு அடித்தாள்.

“இன்னா அடிச்சே? படி” என்றார் பூவராகன்.

“காய்ஞ்சு உதிர்ந்திருக்கலாம் சார்…”

“படிம்மா.”

“எட்டு பட்டன். ஸ்டார்ட்லயும் ‘கீழே’யிலயும் மட்டும் பொட்டு இல்ல. தேய்ச்ச மாதிரி இருக்கு.”

பூவராகன் ரிமோட்டை வாங்கி, தேய்ந்த இரண்டு இடத்திலும் அழுத்தும் விரல் பொருந்துவதைக் காட்டினார்.

“தாம்பரம் – பீச் ரயில்ல ஒருத்தன் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பெட்டி மாறுறான்னு வைங்க” என்றார் பூவராகன் மேனேஜரிடம். “எங்க எந்தப் பெட்டின்னு பட்டியல் வெச்சிருக்கிறவன்தான் அவனோட சேர்ந்து போக முடியும். இந்த ரிமோட் தாவுறதும் அப்படித்தான். வெளியாள் நுழைய முடியாது, வாஸ்தவம். ஆனா அந்தப் பட்டியல் ரெண்டு ரிமோட்டுலயும் இருக்கு. ஒண்ணு ஓடிக்கிட்டிருந்தா இன்னொண்ணுக்கு இடமில்ல. துலுக்காணம் நெசமாவே அணைச்சுட்டுப் போனதாலதான் இது உள்ள புகுந்துச்சு.” லோகநாதன் பக்கம் திரும்பினார். “ரெண்டு பூட்டையும் நீங்களே போட்டீங்க சார். வெளி சிக்னல் வராதுன்னீங்க. சாவி உங்க கையிலேன்னீங்க.”

லோகநாதன் சுவரில் சாய்ந்தார். “அந்தரத்துல தொங்குதேன்னு இறக்கி வைக்கத்தான்… தசரதன் அச்சுக்குப் பின்னாடி குந்தியிருந்தது தெரியல.”

மேனேஜர் கையை நீட்டினார். லோகநாதன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார்.

டைம் ஆபீஸ் கதவு திறந்தது. துலுக்காணம் வாசலில் காத்து நின்ற மனைவியைக்கூடப் பார்க்கவில்லை.

“தசரதன் காலு எப்டி கீது?” என்றான்.

அதைக் காலையிலிருந்து அங்கே வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.