குடியுரிமை இழந்த மைத்துனன்

"என் தம்பி இனிமே இந்த நாட்டுக்காரன் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு ரூபினா நாற்காலியில் உட்கார்ந்தாள். மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், ஸ்மால் ஹீத் கடைத்தெருவில், ஒரு கபாப் கடையின் மாடியில் இருந்தது ரஃபியா மிர்ஸாவின் அலுவலகம். இருபது வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் அவர். இப்போது வக்கீல்களுக்காகத் தனியாக விசாரித்துக் கொடுக்கிறார். அந்த வட்டாரத்துக்கே அவர் 'பாஜி', அதாவது அக்கா. அவருடைய உதவியாளர் ஷௌகத் முன்பு டாக்ஸி ஓட்டியவர். டாக்ஸி ஓட்டுவதை விட்டாரே தவிர, பயணிகளின் குடும்பக் கதைகளை ஊகிக்கும் பழக்கத்தை விடவில்லை.

"பிறந்தது இங்கதானே?" என்று கேட்டார் ரஃபியா.

"இதே ஊர்லதான், பாஜி. எங்க அப்பா பாகிஸ்தான்காரர்ங்கறதால அங்க போய் இருந்துக்கட்டும்னு சொல்றாங்க. வாஜித் அந்த நாட்டுல ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது."

ஐந்து வருடங்களுக்கு முன், இலையுதிர் காலத்தில், வாஜித் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு துருக்கி எல்லைக்குப் போனான். அகதிகளுக்கான மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். அவன் சிரியாவுக்குள் போய்த் தீவிரவாதிகளோடு சேர்ந்தான் என்றும், அங்கிருந்தபடி ஊர்ப் பையன்களுக்குச் செய்தி அனுப்பி ஆள் சேர்த்தான் என்றும் இப்போது சொல்கிறார்கள். இரண்டு மாதமாகப் பாஸ்போர்ட் செல்லாது. மேல்முறையீட்டு விசாரணை திங்கட்கிழமை லண்டனில். இன்று வெள்ளி.

"ஆதாரம் என்னன்னு சொன்னாங்களா?"

"ரகசியம்னுட்டாங்க. வக்கீலுக்கு மட்டும் நாலு வரியில ஒரு சுருக்கம் கொடுத்திருக்காங்க. இங்கிலீஷ்ல. மூலம் யாருக்கும் கிடையாதாம். வாஜிதுக்கு அதை போன்ல படிச்சுக் காட்டினாரு. எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் வரல."

ரஃபியா வக்கீலை அழைத்து அந்த நாலு வரியைப் படிக்கச் சொன்னார். செய்திகள் வாஜிதின் பழைய கைப்பேசி எண்ணிலிருந்து போயிருந்தன. பக்கத்துத் தெருப் பையன் ஆகிபை 'தாமதிக்காமல் வா' என்று கூப்பிட்டிருந்தன. குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தன. நடுவில், தான் குடியிருந்த வீட்டு ஆன்ட்டிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, போய்ப் பார்த்தாயா என்ற ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான்.

அந்த அழைப்பை நம்பி ஆகிபும் போனான். பத்தொன்பது வயது. அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே செத்தான்.

"பழைய போன் யார்கிட்ட இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சா போதும்" என்றார் ஷௌகத். "ஆகிபே திருடியிருப்பான், பாஜி. தானே போறதுக்கு முடிவு பண்ணிட்டு, அடுத்தவன் கூப்பிட்ட மாதிரி ஜோடிச்சிருப்பான்."

"தனக்குத்தானே செய்தி அனுப்பி, தானே குளிருக்கு உடுப்பு எடுத்துக்கச் சொல்லுவானா?"



அன்று மாலை ரஃபியா வாஜிதோடு வீடியோவில் பேசினார். ஒடுங்கிய முகம், நாலு நாள் தாடி, பின்னால் மருந்துப் பெட்டிகள்.

"உன் பழைய போன் எங்கப்பா?"

"தொலைஞ்சு போச்சு பாஜி."

"எங்க தொலைஞ்சது?"

"ஞாபகம் இல்ல."

"நம்பரை முடக்கச் சொன்னியா?"

"பழசுதானே, விட்டுட்டேன்." சட்டென்று பேச்சை மாற்றினான். "அக்கா பிள்ளைங்க எப்படி இருக்காங்க? பெரியவன் ஸ்கூல்ல ஒழுங்கா இருக்கானா?"

"வாஜித், திங்கட்கிழமை தோத்தா நீ எந்த நாட்டுக்காரனும் இல்ல. துருக்கியும் உன்னை வெளிய போகச் சொல்லும். புரியுதா?"

"புரியுது. நான் தனி ஆள். எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

இணைப்பு அறுந்தது. அவனே அறுத்தான் என்று ரஃபியாவுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை ரஃபியாவும் ஷௌகத்தும் ரூபினாவின் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறக்கும் முன் ரூபினா ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள். எதிரே நின்ற வெள்ளை வேன் இரண்டு நாளாக அங்கேயே இருப்பதாகச் சொன்னாள். அது குழாய் ரிப்பேர்க்காரருடைய வேன். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் பார்த்தாள்.

தாய் மக்ஸூதா பேகம் கைத்தடியோடு முன்னறைக்கு வந்தார். இடது காலை மெதுவாக நீட்டி சோபாவில் அமர்ந்தார். அந்த வீடு அவருடையது. கணவர் இறந்த பிறகு மகன், மகள், வீட்டோடு மாப்பிள்ளையான மருமகன் ஸஃபீர் என்று எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"வாஜித் கிளம்பினப்ப நான் ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சுட்டுக் காத்திருந்தேன்" என்றார். "முட்டியை அறுத்துத் தையல் போட்டாங்க. தையல் பிரிக்கறதுக்குள்ள பாகிஸ்தான்ல, மிர்பூர்ல, எங்க அக்கா தவறிட்டா. இவளுக்கு மாமியாரும் அவதான். என்னால விமானம் ஏற முடியல. நல்ல வேளை, ஸஃபீர் அங்க இருந்தான். வீடு கட்டற வேலைன்னு முன்னாடியே போயிருந்தான்."

"மகன் பக்கத்துல இருந்ததே ஆறுதல்தான்" என்றார் ரஃபியா.

"ஆமா. ஜனாஸா ஊர்வல வீடியோ அனுப்பினாங்க. எத்தனை தடவ பார்த்தேன்னு கணக்கே இல்ல. தூக்கிட்டுப் போற கூட்டத்துல அவனைத் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணுல படவே இல்ல. அப்புறம் கேட்டதுக்கு, துக்கத்துல மயங்கி விழுந்துட்டேன்னு சொன்னான்."

அப்போது ஸஃபீர் உள்ளே வந்தான். மெத்தைக் கடையில் வேலை. அகன்ற தோள், தணிந்த குரல். கையில் காய்கறிப் பை.

"சித்தி, குளிர்ல ஏன் எழுந்து வந்தீங்க? போர்வையைப் போத்திக்கங்க. டீ நான் போடறேன்." அவனே போர்வையை எடுத்து அவர் முழங்காலில் விரித்தான்.

"தஸ்லீம் வீட்டுக்குச் சாமான் கொடுத்துட்டியா?" என்று கேட்டார் மக்ஸூதா.

"கொடுத்துட்டேன்."

"ஆகிபோட அம்மா" என்று ரஃபியாவிடம் விளக்கினார் அவர். "பிள்ளை போனதுல இருந்து வாராவாரம் இவன்தான் அவளுக்கு எல்லாம் வாங்கிக் கொடுக்கறான். சொந்தப் பிள்ளைகூடச் செய்யாது."

ஸஃபீர் சமையலறைக்குப் போனான். டீ வர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் ஷௌகத் உற்சாகமாக இருந்தார். "பாஜி, நான் சொல்றேன். 'குடியிருந்த வீட்டு ஆன்ட்டி'ன்னு இருக்கு. வாஜித் எங்கயோ வாடகைக்குக் குடியிருந்திருக்கான். அந்த வீட்டுக்காரியைத் தேடணும்."

"வாஜித் அம்மா வீட்டைத் தவிர எங்கயும் இருந்ததில்ல."

"அப்போ அக்கம்பக்கத்து ஆன்ட்டியா இருக்கும். நாம பார்க்கறவங்களை எல்லாம் ஆன்ட்டின்னுதானே கூப்பிடறோம்."

"பெத்த தாயையுமா?"

ஷௌகத் காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "ஐயோ பாவம், அந்தப் பொண்ணு" என்றார்.

"அதான் யோசிக்கிறேன். தம்பியைக் காப்பாத்துங்கன்னு என்கிட்ட வந்தா."

அன்றிரவு ரஃபியா தூங்கவில்லை. சொல்லாமல் விட்டால் ஒரு குடும்பம் இப்படியே இருக்கும். அதற்கு விலையாக, நாலு நாள் தாடியோடு ஒருவன் எந்த மண்ணிலும் கால் வைக்க முடியாமல் நிற்பான்.

ஞாயிறு பிற்பகல் எல்லோரும் அதே முன்னறையில் கூடினார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் ரஃபியா. ஷௌகத் கதவருகே நின்றார்.

"நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை உங்க எல்லாருக்கும் நடுவுல சொல்லணும்" என்று தொடங்கினார் ரஃபியா. "அந்தச் செய்தியை அனுப்பினவன் ஒரு வீட்டுல குடியிருந்தான். அந்த வீட்டு அம்மாவுக்கு அந்த இலையுதிர் காலத்துல மூட்டு ஆபரேஷன். அது மக்ஸூதா அம்மாதான். வாஜித் எழுதியிருந்தா 'அம்மாவுக்கு எப்படி இருக்கு'ன்னு கேட்டிருப்பான். ஆனா சுருக்கத்துல இருக்கறது ஆன்ட்டி. இங்கிலீஷ்ல சித்தி, பெரியம்மா, அத்தை, மாமி எல்லாத்துக்கும் ஒரே சொல்தான். எந்த ஆன்ட்டின்னு அந்த அதிகாரிங்க கேக்கல. நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். இந்த வீட்டுல குடியிருந்துக்கிட்டு, இவங்களைச் சித்தின்னு கூப்பிடறது ஒரே ஒரு ஆள்."

ரூபினா மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"அது மட்டும் போதாது" என்றார் ரஃபியா. "ஒத்தைச் சொல்லை வெச்சு ஒருத்தர் மேல பழி போட மாட்டேன். ஆனா அந்த மாசங்கள்ல ஸஃபீர் மிர்பூர்ல இருந்ததா சொன்னாங்க. பெத்த தாயோட ஜனாஸாவைத் தோள்ல தூக்காத மகனை நான் பார்த்ததில்ல. மயங்கி விழுந்தாலும் நாலு பேர் தண்ணி தெளிச்சுக் கூட்டிட்டு வந்து தோள் கொடுக்க வைப்பாங்க. அவர் அங்க இல்ல. அடுத்து வாஜித். தொலைஞ்ச போனைப் பத்திக் கேட்டா அக்கா பிள்ளைங்களைப் பத்திப் பேசறான். அந்தச் சுருக்கத்தைக் கேட்ட உடனே, யார் அனுப்பினதுன்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கு. போன் தொலையல. ஊருக்குக் கிளம்பற மச்சானுக்குக் கொடுத்திருக்கான். அதைச் சொன்னா அக்கா குடும்பம் சிதறிடும்னு வாயைத் திறக்கல."

மேல்மாடியில் எங்கேயோ தண்ணீர்க் குழாய் முனகியது.

"என் போன் உடைஞ்சு கிடந்துச்சு" என்றான் ஸஃபீர் கடைசியில். "அவன்தான் கொடுத்தான். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. இஸ்தான்புல்ல விமானம் மாறணும். நான் மாறல, சிரியாவுக்குப் போயிட்டேன்."

"எத்தனை நாள் அங்க இருந்தே?" ரூபினாவின் குரல் அவளுடையதாகவே இல்லை.

"ரெண்டு மாசத்துக்கு மேல. முதல் வாரத்துல எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. அப்பதான் ஆகிபுக்கு அனுப்பினேன். அப்புறம் பார்த்ததை எல்லாம் உன்கிட்ட சொல்ல முடியாது, ரூபி. அவன் வந்து சேர்ந்தப்ப நான் ஓடிப் போற வழியைத் தேடிக்கிட்டிருந்தேன். அவனையும் வான்னு கூப்பிட்டேன். என்னைக் கோழைன்னான். விட்டுட்டு வந்துட்டேன். அம்மா செத்ததே எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும்."

"என் மகன் பேர்ல பழி வந்தப்ப ஏண்டா சொல்லல?" என்று கேட்டார் மக்ஸூதா. அவர் சத்தம் போடவில்லை.

"பயம், சித்தி. நான் இங்க வந்து குடியுரிமை வாங்கினவன். என்னை ஒரே நாள்ல அனுப்பிடுவாங்க. பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியாது. வாஜித் வக்கீல் வெச்சு எப்படியும் ஜெயிச்சுடுவான்னு நினைச்சேன். தினமும் அதையே சொல்லிக்கிட்டேன்."

ரூபினா எழுந்து நின்றாள். கோட்டை மாட்டினாள். அவன் கோட்டையும் எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"வக்கீலைப் பார்க்கவா?" என்று கேட்டான் அவன்.

"அது அப்புறம். முதல்ல தஸ்லீம் வீட்டுக்கு வா. உன் கையால வாராவாரம் சாமான் வாங்கறாளே, யார்கிட்ட வாங்கறோம்னு அவளுக்குத் தெரியட்டும்."

பக்கத்துத் தெருவுக்கு அவர்கள் நடந்தே போனார்கள். ரஃபியா தெருமுனையில் நின்றுகொண்டார். மணியடித்தது ரூபினா. கதவு திறந்ததையும், தஸ்லீம் முகம் மலர்ந்து ஸஃபீரை உள்ளே அழைத்ததையும், அவன் வாசலிலேயே நின்று பேசத் தொடங்கியதையும் ரஃபியா பார்த்தார். அதற்கு மேல் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே ஸஃபீர் வக்கீல் முன்னால் வாக்குமூலம் கொடுத்து, போலீஸிலும் சரணடைந்தான். வாஜிதின் விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. வசந்தத்தில் அவன்மீதிருந்த உத்தரவை எந்த விளக்கமும் சொல்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விமான நிலையத்தில் மக்ஸூதா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு, சொல்லாமல் மறைத்ததற்காகக் கன்னத்தில் ஒரு அறையும் கொடுத்தார். ஸஃபீருக்கு நீண்ட சிறைத்தண்டனை விழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கொஞ்சம் குறைத்தார்கள்.

கோடையில் ஒருநாள் ரூபினா மறுபடி அந்த மாடிப்படி ஏறி வந்தாள். கூடவே தஸ்லீம் வந்திருந்தது ரஃபியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஜெயில்ல அவருக்கும் அந்தத் தபால் வந்துடுச்சு, பாஜி" என்றாள் ரூபினா. "குடியுரிமை ரத்து. தண்டனை முடிஞ்சதும் பாகிஸ்தானுக்கு அனுப்பிடுவாங்களாம். நான் மேல்முறையீடு பண்ணணும்."

ஷௌகத்தால் பொறுக்க முடியவில்லை. "அவனுக்காகவா? உன் தம்பியை அஞ்சு மாசம் உயிரோட கொன்னவனுக்காகவா?"

"நான் அவரை மன்னிக்கல. வீட்டுக்குக் கூட்டிக்கப் போறதும் இல்ல. ஆனா என் பிள்ளைங்க நாளைக்கு வளர்ந்து, ஏன் அப்படிப் பண்ணினேன்னு அவரைக் கேக்கணும். கேக்கற தூரத்துல அவர் இருக்கணும்."

ரஃபியா தஸ்லீமைப் பார்த்தார். அந்தப் பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்கம்மா?"

"சாட்சி சொல்ல" என்றாள் தஸ்லீம். "என் பிள்ளை இந்த ஊர்ல பிறந்தான். இந்த ஊர்க்காரன்தான் அவனைக் கூப்பிட்டான். கூப்பிட்டவனை எங்கயோ தூக்கிப் போட்டுட்டு, எல்லாம் தீர்ந்துச்சுன்னு இந்த அரசாங்கம் கையைக் கழுவிக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மாசம் ஒரு தடவை ஜெயிலுக்குப் போறேன். எதிர்ல உட்கார்ந்து ஆகிபைப் பத்திக் கேக்கறேன். அவன் சொல்லித்தான் ஆகணும். இன்னும் நான் கேட்டு முடிக்கல."