வைக்கோலுக்குப் போட்ட சட்டை

பீப். பீப். பீப்.

முத்துராஜின் கால் எந்த மிதியிலும் இல்லை. ஆனாலும் வண்டி மூக்கைத் தாழ்த்தி, நான்கு டயர்களும் ஈரத் தாரைக் கவ்வ, கிறீச்சிட்டு நின்றது. எதிரே நின்ற வைக்கோல் பொம்மைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். அவ்வளவுதான் இடைவெளி.

பின் இருக்கையில் இருந்த செல்வி கை தட்டினாள்.

"பிரேக்குக்கு எத்தன மார்க்கு போடுத?" கண்ணாடி வழியாக மகளைக் கேட்டான்.

"பத்துக்குப் பத்து. பொம்மப் பாப்பாவ இடிக்கலல்லா."

முத்துராஜ் யூடியூபில் வண்டிகளை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவன். இந்தக் குடும்ப வண்டியை கம்பெனி தலை முதல் கால் வரை மாற்றியிருந்தது. புது முகம், டர்போ என்ஜின், பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே ஆள் இருந்தால் தானே நின்றுகொள்ளும் வசதி. 'பிள்ளைகுட்டியை நம்பி ஏற்றலாமா?' என்பதுதான் வீடியோவின் தலைப்பு. அதற்காகவே இசக்கிசெல்வியைக் கூட்டி வந்திருந்தான். மகளின் முகம் தெரிந்தால் பார்ப்பவர்களும் கூடுவார்கள்.

"இப்பதான் காய்ச்சல் விட்டிருக்கு. சாரல்ல மட்டும் எறக்கிராதிய" என்று சொல்லித்தான் மனைவி ஜெயபிரியா அனுப்பியிருந்தாள்.

குத்துக்கல்வலசைக்கு வெளியே வீட்டுமனைக்காகப் போட்ட சாலை அது. வீடு ஒன்றுகூட இன்னும் எழும்பவில்லை. இரண்டு பக்கமும் மனைக் கற்கள், அவற்றைத் தாண்டி வயல். மலையை மேகம் விழுங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் சாரல் மாவு சலித்ததுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

பொம்மைக்கு அருகில் குடையும் கேமராவுமாக நின்ற கூட்டாளி பீர் மைதீன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் பொம்மை போட்டிருந்த மஞ்சள் சட்டையில் இருந்தது.

அந்தச் சட்டை காலையில் குற்றாலத்தில் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடித்தவர்கள், செத்தவர்களின் துணியை ஆற்றங்கரையில் விட்டுவிட்டுக் குளித்துப் போவார்கள். குவிந்து கிடக்கும் அந்தத் துணியை எடுத்து வண்டி துடைப்பது ஊர் டிரைவர்களுக்கு வழக்கம். முத்துராஜும் சோதனைக்கு வரும் வண்டிகளை அப்படித்தான் துடைப்பான். அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் ஒரு கட்டு உண்டு. துடைக்கலாம், எதற்கும் உடுத்தக் கூடாது. வயலில் நிற்கிற பொம்மைக்குக்கூட.

இன்று குவியலில் ஒரு சின்னச் சட்டை இருந்தது. ஏறக்குறைய புதுசு. மடிப்பில் எள் ஒட்டியிருந்தது. செல்விக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

"மாப்ள, தொடைக்குததுக்கு எடுக்குதது வேற. உடம்புல ஏத்துதது வேற. வேண்டாம்லே" என்று மைதீன் அப்போதே சொன்னான்.

"வைக்கோலு என்ன உடம்பாலே? துபாய்ல கிரேன் ஓட்டுனவன் பேசுத பேச்சா இது?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"இனிதான் நம்ம ஷாட்டு" என்றான் முத்துராஜ். "தானா நிக்கலன்னா என்ன ஆவும்னு ஜனங்களுக்குக் காட்டணும்லா."

திரையைத் தொட்டு தானியங்கி பிரேக்கை அணைத்தான்.

"வேண்டாம்ப்பா. பாவம்ப்பா அது" என்றாள் செல்வி.

வண்டி சீறியது. பொம்மை பானெட்டில் புரண்டு, கண்ணாடியில் முகத்தை அப்பிவிட்டு, கூரைக்கு மேல் பறந்து பின்னால் விழுந்தது. செல்வி வீறிட்டாள்.

முத்துராஜ் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "அழு. இங்கன பாத்து அழு. கைய எடுட்டி மூஞ்சில இருந்து."

அவள் கையை எடுக்கவில்லை. அவனுக்கு எரிச்சல் வந்தது. இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தான்.

"எறங்கு. அழுது முடிச்சிட்டு ஏறு."

ஒரு மனைக் கல்லின் பக்கத்தில் அவளைச் சாரலில் நிறுத்திவிட்டு, வண்டியைத் திருப்பச் சாலையின் கோடி வரை போனான். கண்ணாடியில் சின்ன உருவம் ஒன்று கை நீட்டியபடி நின்றது. பிறகு சாரல் அதை மறைத்தது.

திரும்பி வந்து கல்லருகே நிறுத்தினான். பின் கதவு திறந்தது, மூடியது. இருக்கையில் கிடந்த பெரிய துண்டைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது பிள்ளை.

"நல்லாத் தொவட்டு. சளி புடிச்சா உங்கம்மா என்னையத்தான் ஏசுவா."

பிள்ளை துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டது. கோபம்போல என்று நினைத்துக்கொண்டான். அப்போது பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. ஊறிப்போன துணியின் வாடை. அதற்குள் எள்ளும் சீயக்காயும்.

மைதீன் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தான்.

"சட்டையக் காணலலே. வைக்கோலு மட்டுந்தான் கெடக்கு."

"ஓடையில விழுந்திருக்கும். ரோட்ட ஒதுக்கிட்டல்லா? இனி வேகம் பாக்கணும். ஷோரூம் பூட்டுததுக்கு முந்தி வண்டிய விடணும்."

தானியங்கி பிரேக்கை மறுபடி உயிர்ப்பித்துவிட்டுக் கிளம்பினான். காலியான சாலை. என்ஜின் உறுமி எழுந்தது.

பீப். பீப். பீப்.

வண்டி அலறி நின்றது. பொம்மை நின்ற அதே இடம்.

திரையில் சிவப்பாக ஒரு மனித உருவம் மினுங்கியது. சின்ன உருவம்.

எதிரே யாரும் இல்லை. வைப்பர் ஒருமுறை வழித்தது. அப்போதும் யாரும் இல்லை.

"சென்சர்ல சேறு இருக்கும்" என்று மைதீன் கைக்குட்டையோடு பம்பருக்கு முன்னால் போனான். போனவன் நிமிரவில்லை.

"என்னலே?"

"இங்கன வந்து பாரு மாப்ள."

சாலை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. பம்பருக்கு எதிரே மட்டும் பாதம் அளவில் இரண்டு இடங்கள் காய்ந்து கிடந்தன. சின்னப் பாதங்கள். அவற்றின் மேல் சாரல் விழவே இல்லை.

"என்ஜின் சூடுலே. தள்ளு."

மறுபடி பின்னால் எடுத்தான். மறுபடி ஓட்டினான். மறுபடி அதே இடத்தில் வண்டி நின்றது. இந்த முறை நின்ற பிறகும் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய முனகல். அடக்கி அடக்கி விசும்புவதுபோல.

முத்துராஜ் சட்டைக் காலரில் இருந்த மைக்கை வாய்க்கு அருகே இழுத்தான். "ஒரு குறை சொல்லியே ஆகணும் நண்பர்களே. ஈரத்துல நின்னதும் பிரேக் பேடு முனகுது."

முனகல் சட்டென்று ஓய்ந்தது.

மைதீன் ஜன்னலைத் தட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது. "போதும்லே. வண்டி எதையோ பாக்குது. நமக்குத்தான் தெரியல."

"வண்டிக்குக் கோளாறு. அதையும் சொல்லுவோம். வேகத்த மட்டும் எடுத்துட்டுப் போயிருவோம்."

"பாப்பா பயப்படும்."

"அதுவா? சத்தமில்லாம இருக்கு பாரு." முத்துராஜ் கண்ணாடியைப் பார்த்தான். "ஏட்டி செல்வி, எதுக்க யாராவது நிக்காவளா?"

துண்டு போர்த்திய தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்தது.

"அப்பம் அத அணைச்சிரவா?"

தலை மேலும் கீழும் அசைந்தது.

மெதுவாக.

அவன் திரையைத் தொட்டான். சிவப்பு உருவம் அணைந்தது.

மைதீன் ஒதுங்கி நின்றான். வண்டி சாலையின் கோடிக்குப் போய்த் திரும்பியது. முத்துராஜ் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தான். "மொதல்ல லேசாத் தயங்குது" என்று மைக்குக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். "டர்போ முழிச்சதும் பாருங்க. முதுகுல அறையுது. நம்ம மலைப் பாதைக்கு இது போதும், குடும்பத்தோட தாராளமா..."

தட்.

வைக்கோல் பொம்மையை இடித்த சத்தம் அவனுக்குத் தெரியும். அது வெறுமையான சத்தம்.

இது வெறுமையாக இல்லை.

பிரேக்கை ஏறி மிதித்தான். ஈரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டே போய்த்தான் நின்றது. பின்னால் மைதீன் குடையைப் போட்டுவிட்டு ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. சாலை நடுவில் மண்டியிட்டான். எதையோ மடியில் அள்ளினான். பிறகு ஒரு பெயரைக் கத்தினான்.

செல்வி.

முத்துராஜின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை. செல்வி இங்கன இருக்கா என்று சொல்ல வாய் திறந்தான். மைதீன் திரும்பத் திரும்ப அதே பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தான்.

எள் வாடை வண்டியை நிறைத்தது.

பின் இருக்கையில் துண்டு நழுவியது. மஞ்சள் சட்டையில் இருந்து தண்ணீர் சொட்டியது. குளிர்ந்த சின்னக் கைகள் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. கன்னத்தோடு கன்னம் வைத்து, செல்வியின் குரலிலேயே அது சொன்னது:

"வண்டி ஒவ்வொரு தடவையும் சரியாத்தாம்ப்பா நின்னுச்சு. நீங்கதான் நிக்கல."